யார் கணக்கிலும் சேராத ஒரு ரன்

கிரிக்கெட் திடலில் ஒரு பந்தை எல்லாரும் ஒரு முறை பார்ப்பார்கள். ஸ்கோரர் மட்டும் அதை மூன்று இடத்தில் எழுதுவார். மட்டையாளரின் வரிசையில் ஒன்று, பந்துவீச்சாளரின் கட்டத்தில் ஒன்று, மொத்த எண்ணிக்கையில் ஒன்று. இன்னிங்ஸ் முடிந்ததும் மட்டையாளர்கள் எடுத்ததோடு உதிரிகளைக் கூட்டினால் ஓர் எண் வரும். பந்துவீச்சாளர்கள் கொடுத்ததோடு பைஸையும் லெக் பைஸையும் கூட்டினால் இன்னோர் எண் வரும். இரண்டும் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால், எத்தனை பேர் கை குலுக்கிவிட்டுப் போயிருந்தாலும், எங்களைப் பொறுத்தவரை ஆட்டம் இன்னும் முடியவில்லை.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடக்கும் கிளப் ஆட்டங்களில் இந்த வேலையைச் செய்தே எனக்குத் தலை நரைத்தது. பெரிய ஆட்டங்கள் இங்கே வந்தபோது சிலவற்றில் ஸ்கோர் பலகைக்குத் தகடு மாட்டினேன். சிலவற்றைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து என் சொந்தப் புத்தகத்தில் எழுதினேன். கிரிக்கெட் என்றால் லார்ட்ஸ், ஈடன் கார்டன்ஸ், சேப்பாக்கம் என்று பேசுகிற நம்மவர்களுக்குப் பூச்சோங்கிலும் பண்டமாரானிலும் நடந்தவை தெரிவதில்லை. அந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

தொழிலைக் கற்றது பிரிக்பீல்ட்ஸில். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். ரயில்வேயில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார இறுதியில் வெள்ளைச் சட்டையை அழுத்தித் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் நீளமான அட்டைப் புத்தகம், சட்டைப் பையில் வரிசையாகச் சீவிய பென்சில்களோடு ஆட்டத்துக்குக் கிளம்புவார். புத்தகத்தைத் தூக்க ஒரு பையன் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனார். ஒரு பந்துவீச்சாளருக்கு ஒரு நிறம் என்பது அவருடைய முறை. சிவப்புப் பென்சிலால் ஒரு ஓவரை எழுதினால், அந்தச் சிவப்பை மட்டையாளர் வரிசையிலும் பார்க்கலாம். யார் யாரிடம் திணறினார் என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

குறிகளையும் அவரிடம்தான் படித்தேன். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. வைடுக்குக் கூட்டல் குறி. நோ பாலுக்கு வட்டம். பைக்கு நிமிர்ந்த முக்கோணம், லெக் பைக்குக் கவிழ்ந்த முக்கோணம். ஆறு பந்திலும் ரன் இல்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து 'எம்' போட வேண்டும். அதில் விக்கெட்டும் விழுந்திருந்தால் 'டபிள்யூ'. நடுவர் சைகை காட்டினால் நாங்கள் கையைத் தூக்கியோ விளக்கைப் போட்டோ பதில் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகே அவர் ஆட்டத்தைத் தொடர விடலாம் என்பது ஆட்டத்தின் சட்டம். முதன்முதலாக நான் கையைத் தூக்கி, நடுவர் தலையசைத்து, அதன் பிறகு ஆட்டம் நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

ஒரு நாள் ஒருவர் வரிசையாக நான்கு பவுண்டரி அடித்தார். நான் எழுந்து கை தட்டினேன். பெரியவர் பென்சிலை எடுக்காமலே சொன்னார்: "தம்பி, பந்தைப் பாரும், ஆளைப் பார்க்காதையும். அடிக்கிறவனுக்கு எல்லாரும் கை தட்டுவினம். புள்ளி வச்சு நிக்கிறவனுக்கு நீர் மட்டும்தான் சாட்சி."

கோலாலம்பூர் கிரிக்கெட்டின் பழைய வீடு சிலாங்கூர் கிளப் பாடாங். கிளப் தொடங்கியது 1884இல். எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், இந்தப் பக்கம் கிளப்பின் மரச்சட்டமிட்ட வெள்ளைச் சுவர், நடுவில் பச்சைத் திடல். 1927இல் ஓர் ஆஸ்திரேலிய அணி மலாயாவுக்கு வந்தது. வூட்ஃபுல், மெக்கார்ட்னி, ஓல்ட்ஃபீல்டு போன்ற டெஸ்ட் ஆட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். அந்த அணியை அகில மலாயா அணி கோலாலம்பூரில் தோற்கடித்தது. பெரியவர் தலைமுறையினர் அதைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வது மாதிரிச் சொல்வார்கள்.

ஆனால் பாடாங்கைப் பற்றி அவர் மறுபடி மறுபடி சொன்ன கதை லால் சிங்குடையது. 1909இல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். 1932 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பதினொருவரில் அவரும் ஒருவர். மலாயாவில் பிறந்து டெஸ்ட் ஆடிய முதல் ஆள். இங்கிலாந்து 19 ரன்னுக்குள் மூன்று விக்கெட் இழந்தது. முதல் இரண்டும் முகமது நிசாருடையவை. மூன்றாவது பிராங்க் உல்லி, 9 ரன்னில் ரன் அவுட். பந்தைப் பாய்ந்து எடுத்து அவரை வெளியேற்றிய கை லால் சிங்குடையது. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது எட்டாவது விக்கெட்டுக்கு அமர் சிங்கோடு சேர்ந்து 40 நிமிடத்தில் 74 ரன் சேர்த்தார். அதில் அவருடைய பங்கு 29.

ஸ்கோர் புத்தகத்தின் ஒரு குறையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ரன் அவுட் பந்துவீச்சாளர் கணக்கில் சேராது. களத்தடுப்பாளர் பெயரை எழுதுவதும் பழைய வழக்கத்தில் இல்லை. அந்த நாளின் ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் உல்லி, ரன் அவுட், 9. அவ்வளவுதான். லால் சிங்கின் பெயர் அந்த வரியில் இருக்காது. அதனால் பெரியவர் தன் புத்தகத்தில் ரன் அவுட் என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் பந்தை எறிந்தவர் பெயரையும் பொடி எழுத்தில் சேர்ப்பார். நானும் அதையே செய்கிறேன்.

லால் சிங் ஆடிய டெஸ்ட் அந்த ஒன்றுதான். பிற்காலத்தில் கோலாலம்பூர் திரும்பி, அதே சிலாங்கூர் கிளப் திடலைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். 1985இல் இங்கேயே காலமானார். 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடி இறங்கியதும் அந்தத் திடலில்தான். இப்போது அது டத்தாரான் மெர்டேக்கா. கிளப்பின் கிரிக்கெட் புக்கிட் கியாராவுக்குப் போய்விட்டது. அணிவகுப்பு பார்க்க வருகிற பிள்ளைகளிடம், இந்தப் புல்லை உருட்டிச் சமப்படுத்தியவர் லார்ட்ஸில் ஆடியவர் என்று யாராவது சொல்கிறார்களா, தெரியவில்லை. சொல்ல வேண்டும்.

என் வாழ்நாளில் நான் பார்த்த ஆட்டங்களில் முதலிடம் 1997 ஐ.சி.சி டிராபி இறுதி ஆட்டத்துக்கு. பங்சார் பக்கம் ஜாலான் பந்தாய் பாருவில் இருக்கும் கிலாட் கிளப் திடல், மின்சார வாரியத்தாருடையது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரம். ஸ்கோர் பலகையில் எண் தகடு மாட்டுகிற கூட்டத்தில் நானும் இருந்தேன். உலகக் கோப்பைக்குள் நுழைய வழி தேடி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்திருந்தன. எல்லா ஆட்டமும் செயற்கை விரிப்பு ஆடுகளத்தில். விரிப்பு நனைந்தாலும் காய்ந்துவிடும். ஆபத்து அதைச் சுற்றியிருக்கிற புல்தரைக்குத்தான். ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் கோலாலம்பூர் வானம் எப்படி என்று நமக்குத் தெரியும். முந்திய சுற்றில், சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத் திடலில் மழைக்கு நடுவே நெதர்லாந்துக்கு எதிராக வங்கதேசத் தலைவர் அக்ரம் கான் ஆட்டமிழக்காமல் 68 எடுத்திராவிட்டால் அவர்கள் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 12ஆம் தேதி தொடங்கியது. கென்யா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241. அதில் ஸ்டீவ் டிக்கோலோ மட்டும் 147. மழை பெய்தது. மறுநாள் துண்டு, பஞ்சு, வாளி என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத் தரையைத் துடைத்தார்கள். இங்கே வேலைக்கு வந்திருந்த வங்கதேசத் தொழிலாளிகள் திடலைச் சுற்றி நின்றார்கள். வாரம் முழுக்கக் கட்டடத்தில் வெயில் தின்றவர்கள், ஓய்வு நாளில் ஈரத்தில் நின்றார்கள். வங்கதேசத்துக்கு 25 ஓவரில் 166 என்று இலக்கு திருத்தப்பட்டது.

அந்த எண்ணைப் பலகையில் மாட்டியபோது கூட்டத்தில் சலசலப்பு. பாதி ஓவர் என்றால் பாதி ரன், 121 போதாதா என்று கேட்டார்கள். டக்வொர்த்-லூயிஸ் முறை அந்த ஆண்டுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது, அதனால் கேள்வி நியாயமே. ஓவர் பாதியானாலும் கையில் இருக்கும் விக்கெட் பத்தும் அப்படியே இருக்கிறது. 25 ஓவருக்குப் பத்து விக்கெட்டைச் செலவழிக்கலாம் என்றால் துணிந்து அடிக்கலாம். ஆகவே பாதியைவிட அதிகம் கேட்பதுதான் நீதி. பலகைக்குக் கீழே நின்ற ஒருவருக்கு நான் இதைத் தமிழும் மலாயும் கலந்து விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு மேலே கும்பிட்டார்.

கடைசி ஓவருக்கு 11 ரன் தேவை. பந்து மார்ட்டின் சுஜி கையில். முதல் பந்தையே விக்கெட் காப்பாளர் காலெட் மசூத் சிக்சருக்கு அனுப்பினார். கடைசிப் பந்து வந்தபோது தேவை ஒரே ரன். எதிர்கொண்டவர் ஹசிபுல் ஹொசைன், பந்துவீச்சாளர் வரிசை ஆள். மட்டையில் படவில்லை, காலில் பட்டு நகர்ந்தது. இருவரும் ஓடினார்கள். எட்டு விக்கெட்டுக்கு 166. கூட்டம் உள்ளே பாய்ந்தது.

லெக் பை. கவிழ்ந்த முக்கோணம். வங்கதேச கிரிக்கெட்டின் தலையெழுத்தை மாற்றிய அந்த ரன், எந்த மட்டையாளர் கணக்கிலும் இல்லை. எந்தப் பந்துவீச்சாளர் கணக்கிலும் இல்லை. ஹசிபுல் பெயருக்கு நேரே அந்தப் பந்துக்கு அது ஒரு பந்து என்ற கணக்கு மட்டும். உதிரிகள் வரிசையில் ஒன்று கூடும். கோப்பையை வென்ற வங்கதேசம் 1999 உலகக் கோப்பையில் ஆடியது, 2000இல் டெஸ்ட் நாடானது. அந்தப் பாதையின் முதல் படி பங்சார் பக்கத்துத் திடலில் ஓர் உதிரி ரன்னாக எழுதப்பட்டிருக்கிறது.

அன்றைய புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தின் மிகப் பெரிய எண் டிக்கோலோவின் 147. அது தோற்ற பக்கம். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வோர் ஆட்டமாக இதே விஷயம் திரும்ப வந்தது.

கோலாலம்பூரில் நடந்த 1998 காமன்வெல்த் விளையாட்டில் கிரிக்கெட் சேர்க்கப்பட்டது. 16 நாடுகள். எங்களுக்கு ஒரே வருத்தம், இந்தியாவின் இன்னோர் அணி அதே நேரத்தில் டொராண்டோவில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டெண்டுல்கர் இங்கே வந்தார். மலேசியாவுக்கு ரமேஷ் மேனன் தலைவர். அரையிறுதியில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 58 ரன்னுக்குச் சுருண்டது, பிராட் யங் ஹாட்ரிக். இன்னோர் அரையிறுதியில் இலங்கையின் 130ஐத் துரத்திய தென்னாப்பிரிக்கா ஒன்பது விக்கெட் போய் 131 எடுத்துத் தப்பியது. செப்டம்பர் 19ஆம் தேதி பி.கே.என்.எஸ் திடலில் இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 183. ஸ்டீவ் வாஹ் ஒருமுனையில் கடைசிவரை நின்று 90. ஷான் பொல்லாக்குக்கு நான்கு விக்கெட். தென்னாப்பிரிக்கா நான்கு விக்கெட் மிச்சம் வைத்துத் தங்கம் வென்றது. வாஹ்வின் 90 மறுபடியும் தோற்ற பக்கம்.

பூச்சோங் கின்ராரா ஓவல் வந்த பிறகு எங்களுக்கெல்லாம் நிமிர்வு வந்தது. உண்மையான புல் ஆடுகளம், வட்டமான திடல், அகாடமி. 2006 செப்டம்பரில் டி.எல்.எஃப் கோப்பைக்கு இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள் மூன்றும் வந்தன. சுற்றுவட்டாரத் தமிழர் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். நான் புத்தகத்தோடு போனேன்.

14ஆம் தேதி இந்தியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆட்டம். டெண்டுல்கர் தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்திருந்த நேரம். ஆட்டமிழக்காமல் 141. ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய நாற்பதாவது சதம். இந்தியா 5 விக்கெட்டுக்கு 309. அவர் வரிசைக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் போதாமல் அடுத்த வரியிலும் எழுதினேன். மேற்கிந்தியத் தீவுகள் ஆடத் தொடங்கின. மேற்கே மேகம் கறுத்தது. 20 ஓவர் முடிந்தபோது 2 விக்கெட்டுக்கு 141. மழை கொட்டியது, நிற்கவில்லை.

இரண்டாவது அணி குறைந்தது 20 ஓவர் ஆடியிருந்தால்தான் ஒருநாள் ஆட்டத்துக்கு முடிவு உண்டு. சரியாக அந்த 20 ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய அளவைவிட 29 ரன் முன்னால் இருந்ததால் வெற்றி மேற்கிந்தியத் தீவுகளுக்கு. டெண்டுல்கரின் 141க்குப் பதில் ஓர் அணியே 141 எடுத்து வென்றது. என்னருகில் இருந்த ஒரு சிறுவன், "அங்கிள், அவர் அடிச்சதெல்லாம் வீணா?" என்று அழுதான். புத்தகத்தை அவனிடம் காட்டினேன். எண்ணிப் பார்த்தான், 141. ஒன்றும் குறையவில்லை.

இரண்டு நாள் கழித்து 16ஆம் தேதி அதே வானம் வேறு கணக்கைப் போட்டது. ஆஸ்திரேலியா 244. இந்தியா 5 விக்கெட்டுக்கு 35. மிட்செல் ஜான்சன் என்ற இளைஞர் 11 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுத்திருந்தார். திராவிட், டெண்டுல்கர், பதான், யுவராஜ். மழை வந்தது. 20 ஓவர் ஆகவில்லை, ஆகவே முடிவில்லை. ஆனால் ஆட்டம் செல்லாது போனாலும் பந்து செல்லும். அந்த நான்கு விக்கெட்டும் இன்றுவரை ஜான்சன் கணக்கில் இருக்கின்றன. வென்றதா தோற்றதா என்று கேட்கிறவர்களுக்கு அந்த நாள் வெறும் கோடு. ஸ்கோரர்களுக்கு அது நிறைந்த பக்கம்.

18ஆம் தேதி ஆஸ்திரேலியா தடுமாறியபோது அன்றைய தலைவர் மைக்கேல் ஹஸியும் பிராட் ஹாடினும் ஆறாவது விக்கெட்டுக்கு 165 ரன் சேர்த்தார்கள். ஹஸி ஆட்டமிழக்காமல் 109, ஹாடின் 70. ஒருநாள் கிரிக்கெட்டில் அந்த விக்கெட்டுக்கு அன்று அதுவே உலக சாதனை. மறு ஆண்டு ஜூனில் நம் சேப்பாக்கத்தில் ஜெயவர்த்தனேவும் தோனியும் 218 சேர்த்து அதை முறியடித்தார்கள். அதுவரை உலகத்தின் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே ஊர்ப் பெயர் கோலாலம்பூர். அந்த ஆட்டத்திலும் சாதனை செய்தவர்கள் தோற்றார்கள். லாரா 87 எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகள் மூன்று விக்கெட் மிச்சம் வைத்து வென்றன.

டிக்கோலோ 147, வாஹ் 90, டெண்டுல்கர் 141, ஹஸி-ஹாடின் 165. எங்கள் பள்ளத்தாக்கின் பெரிய எண்கள் எத்தனையோ தோற்றவர்களுடையவை. கோப்பைகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் திடல்களின் வரலாற்றை எழுதினால் பாதி காணாமல் போகும். பெரியவர் சொன்னதை அன்றுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன்.

கின்ராராவின் இன்னொரு பெரிய நாள் 2008 மார்ச் 2. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி. இந்தியத் தலைவர் விராட் கோலி. அந்தப் போட்டிக்கு வந்த பையன்களில் ஜடேஜா, கேன் வில்லியம்சன், ஸ்டீவ் ஸ்மித், டிம் சவுதி எல்லாரும் உண்டு. யார் என்னவாகப் போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இந்தியா 159க்குச் சுருண்டது. தன்மய் ஸ்ரீவாஸ்தவா 46, கோலி 19. மழைக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு 25 ஓவரில் 116 இலக்கு. எட்டு விக்கெட்டுக்கு 103இல் நின்றது. 12 ரன்னில் கோப்பை இந்தியாவுக்கு. ஆட்ட நாயகன் அஜிதேஷ் ஆர்கல், ஐந்து ஓவரில் 7 ரன், இரண்டு விக்கெட். அன்றைய என் பக்கத்தைப் புரட்டினால் ஆர்கலின் கட்டங்களில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. கோலியைப் பற்றி உலகம் எழுதிவிட்டது. அந்த 7 ரன்னையும் சேர்த்து எழுத வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன்.

கின்ராரா இப்போது கிரிக்கெட்டின் கையில் இல்லை. நிலக் குத்தகை விவகாரம் நீதிமன்றம் வரை போய், கிரிக்கெட் வெளியேற வேண்டியதாயிற்று. டெண்டுல்கர் 141 அடித்த திடல் அது. மனம் ஆறவில்லை.

ஆட்டம் எங்கள் கிள்ளான் பக்கம் நகர்ந்தது. பண்டமாரானில் பாயுமாஸ் ஓவல். 2023 ஜூலை 26ஆம் தேதி, டி20 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றில் மலேசியாவும் சீனாவும் மோதின. சியாஸ்ருல் இட்ருஸ் நான்கு ஓவர் போட்டு 8 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். ஆடவர் டி20 சர்வதேச ஆட்டத்தில் ஒருவர் ஏழு எடுத்தது அதுவே முதல் முறை. ஏழும் பவுல்டு. ஸ்கோர் அட்டையில் 'எப்படி அவுட்' என்ற பத்தியில் பொதுவாகக் கேட்ச் பிடித்தவர் பெயர், ஸ்டம்பிங் செய்தவர் பெயர் என்று ஊரே வந்துபோகும். அன்று அந்தப் பத்தியில் ஏழு வரிகளில் ஒரே பெயர், வேறு யார் துணையும் இல்லாமல். சீனா 23க்கு ஆட்டமிழந்தது. மலேசியா ஐந்து ஓவருக்குள் முடித்தது.

உள்ளூர்ப் பையன் ஒருவன் உலக சாதனை செய்ததை நம் காப்பிக்கடைகளில் எத்தனை பேர் பேசினார்கள்? அதே சாதனை மும்பையில் நடந்திருந்தால் பேரன் பேத்திக்கும் சொல்லியிருப்பார்கள். அந்த ஏழு ஸ்டம்புகளும் கிள்ளானில் சாய்ந்தவை.

அடுத்த ஆண்டு பாங்கியில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்துத் திடலில், மங்கோலியா வந்து ஆடியது. 2024 ஆகஸ்ட் 31, நம் சுதந்திர தினத்தன்று, ஹாங்காங்கிடம் 17 ரன். ஹாங்காங்கின் ஆயுஷ் சுக்லா நான்கு ஓவர் போட்டு ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. மூன்று 'எம்', ஒரு 'டபிள்யூ'. செப்டம்பர் 5ஆம் தேதி சிங்கப்பூரிடம் அதே மங்கோலியா 10 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. ஹர்ஷா பரத்வாஜ் 3 ரன்னுக்கு ஆறு விக்கெட். சிங்கப்பூர் ஐந்தே பந்தில் வென்றது. ஆடவர் டி20 சர்வதேச ஆட்டத்தில் அன்று 10தான் மிகக் குறைந்த எண்ணாக இருந்தது, அதற்கு முன் ஐல் ஆஃப் மேன் எடுத்த அதே 10.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து ரன் எடுக்க அவர்கள் பத்து ஓவர் நின்றார்கள். அறுபது பந்து. பாதி ஆண்டு தரை உறைந்து கிடக்கிற நாட்டிலிருந்து வந்து, நம் ஊர் வெக்கையில், சுழல்கிற பந்தை அறுபது தடவை எதிர்கொண்டார்கள். விளாசிவிட்டு ஓடியிருந்தால் நான்கு ஓவரில் முடிந்திருக்கும். நிற்க முயன்றார்கள். அந்தப் பக்கத்தை எழுதும் ஸ்கோரர் ஒவ்வொரு புள்ளியையும் அழுத்தமாக வைக்க வேண்டும்.

அதே மரியாதையைத் தர வேண்டிய நாள் எங்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. 2025 ஜனவரியில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கோப்பை மலேசியாவில் நடந்தது. நடத்தும் நாடு என்ற முறையில் மலேசியப் பெண்களுக்கு அது முதல் உலகக் கோப்பை. 21ஆம் தேதி பாயுமாஸில் இந்தியாவோடு ஆட்டம். வைஷ்ணவி சர்மா தன் முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக்கோடு 5 ரன்னுக்கு ஐந்து விக்கெட். மலேசியா 31. யாரும் இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. இந்தியா மூன்று ஓவருக்குள் அடித்து முடித்தது. 31 என்றாலும் எங்கள் பிள்ளைகள் பதினான்கு ஓவருக்கு மேல் நின்றார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கடைசி விக்கெட் வரை ஒவ்வொரு பந்தும் தடுக்கப்பட்டபோது கை தட்டிக்கொண்டிருந்தார். புள்ளிக்குக் கை தட்டிய ஒருவரை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் போட்டியில் திரிஷா கொங்கடி ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 110 எடுத்தார். அந்த உலகக் கோப்பையின் வரலாற்றில் முதல் சதம், எழுதப்பட்ட இடம் பண்டமாரான். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 எடுத்தவர் மதுரைப் பெண் கமலினி. கிள்ளான்காரர்கள் அவரை 'நம்ம பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி இறுதியில் தென்னாப்பிரிக்கா 82. திரிஷாவுக்கு மூன்று விக்கெட்டும் ஆட்டமிழக்காத 44 ரன்னும். இந்தியா ஒன்பது விக்கெட்டில் வென்றது. இந்த ஒரு முறை பெரிய எண்களும் கோப்பையும் ஒரே பக்கம் சேர்ந்தன.

இப்போது கிளப் ஆட்டங்களில் கைப்பேசிச் செயலியில் ஸ்கோர் எழுதுகிறார்கள். கூட்டல் தானாக நடக்கிறது, நல்லதுதான். மழையில் கைப்பேசி அணைந்தால் என்ன செய்வது? அதனால் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நான் இன்னும் காகிதத்தில்தான் தொடங்கி வைக்கிறேன். ஈரக் காற்றில் தாள் தொய்ந்துபோகும் ஊர் இது. பேனா மை பரவிவிடும், பென்சில் நிற்கும். தாளுக்கடியில் ஒரு கெட்டி அட்டை வையுங்கள். ஓவர் முடிந்ததும் பக்கத்து ஸ்கோரரோடு சத்தமாகச் சொல்லிச் சரிபாருங்கள். விக்கெட் விழுந்த சத்தத்தில் அந்தப் பந்துக்கு முந்திய பந்தை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாடாங்கில் ஆடிய அணிகள், தோட்டத்து அணிகள், ரயில்வே அணிகள், டி.பி.சி.ஏ போன்ற தமிழர் சங்கங்கள் எழுதிய ஸ்கோர் புத்தகங்கள் இன்னும் சில வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. தாத்தா இறந்ததும் பழைய பேப்பரோடு எடைக்குப் போனவை எத்தனை என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் நீளமான அட்டைப் புத்தகம் ஏதாவது கண்ணில் பட்டால் போட்டுவிடாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் உடையும். நிழலில், காற்றில் விரித்து வையுங்கள். கரையான் வந்திருந்தால் பாதித்த பக்கத்தைக் கிழிக்காமல், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். பிறகு கிளப்புக்கோ பள்ளி நூலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.